ஐம்பத்தெட்டுக்குக் கட்டிய கயிறு

யூலை 7, திங்கள்

சோளகக் காற்று விடியமுன்னரே தொடங்கிவிட்டது. கொடியில் காயப்போட்ட சேலை இரண்டும் பக்கத்து வளவில். வேலிக்கு மேலால் எடுத்துத் தந்த அன்ரி, "கலியாணப் பொம்பிளை, உடுப்புக்குக் கிளிப் போட்டு விடும்" என்றார். எழுத்துக்கு, அதுதான் கலியாணப் பதிவுக்கு, இன்னும் ஆறு கிழமை கிடக்கிறது. அதற்குள் பட்டம் தந்துவிட்டார்கள்.

இன்று அளவை நிறுவைச் சோதனைக்கு அச்சுவேலிச் சந்தை. நானும் என்னோடு வேலை செய்கிற ரஞ்சி அக்காவும். முத்திரை குத்தக் கொண்டுவந்த தராசு 31. திருப்பி அனுப்பியது 6. வெங்காயக்காரர் ஒருவர் தட்டின் அடியில் புளி உருட்டி ஒட்டியிருந்தார். பிடித்ததும், "சின்னப்பிள்ளையள் விளையாடியிருக்குதுகள் மிஸ்" என்றார். ஆளுக்கு எழுபது வயது. வாயில் வந்ததை விழுங்கிவிட்டேன்.

மத்தியானம் பி.யிடமிருந்து வாட்ஸ்அப். (பிரதீபன் என்று முழுதாக எழுத இன்னும் கை வரவில்லை. ரொறன்ரோ மாப்பிள்ளை. நாலு மாதமாகப் போனில் கதை. நேரில் கண்டதில்லை.) ஆகஸ்ட் 2 குடும்பத்தோடு வந்து இறங்குகிறாராம். 9ஆம் திகதி எல்லோரும் மலைநாட்டுக்குப் பயணம். அவருடைய தாய், தங்கைகள் இருவர், எனக்குக் காவலாக அண்ணை.

"உமக்கொரு சர்ப்ரைஸ்" என்று கீழே எழுதியிருந்தது. பஞ்சி ஜம்பிங். காலில் ரப்பர் கயிறு கட்டி உயரத்திலிருந்து தலைகீழாகக் குதிப்பது. முதலில் அவர் (முன்பே மூன்று தரம் குதித்தவராம்), பிறகு நான். தங்கைகள் வீடியோ எடுப்பார்கள். கலியாண ஹோலில் பெரிய திரையில் போடலாமாம்.

சந்தோஷப்பட்டேன். பிறகு மறந்துபோவேன் என்பதால் எழுதி வைக்கிறேன், உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். முப்பத்துமூன்று வயதுவரை பெண் பார்க்க வந்த ஒருவரும் "குதிப்பீரோ?" என்று கேட்டதில்லை. "புட்டு அவிப்பீரோ?" என்றுதான் கேட்டார்கள்.

ஒரு படிவமும் வந்தது. பெயர், வயது, நோய் வருத்தங்கள், நிறை. என் பகுதியை அவரே நிரப்பியிருந்தார். நிறை 58 கிலோ.

பயோடேட்டாவைப் பார்த்து எழுதியிருக்கிறார்.


யூலை 8, செவ்வாய்

ரஞ்சி அக்கா வரமுன் அலுவலகத்தில் மூடை நிறுக்கிற தராசில் ஏறினேன். 74.2. இறங்கி மறுபடி ஏறினேன். 74.2. அது பொய் சொல்லாது. போன மாதம் நானே படிக்கல் வைத்துச் சோதித்தது.

58இன் வரலாறு:
– பல்கலைக்கழகம் இரண்டாம் வருடம், டெங்கு வந்து எழும்பிய கிழமை 58. அந்த ஒரு கிழமை மட்டும்.
– அம்மா அதைத் தரகருக்குச் சொன்னபோது 66.
– அண்ணை பயோடேட்டா டைப் அடித்தபோது 71. நான் பக்கத்தில் நின்றேன். "58 எண்டே கிடக்கட்டும். ஆர் நிறுத்துப் பாக்கப் போகினம்?" என்றார். உயரத்தில் ஓர் அங்குலம் கூட்டினதையும் கண்டேன். வாய் திறக்கவில்லை.

ஆக, அந்த வெங்காயக்கார ஐயாவுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் புளி. நான் மௌனம்.

வீடியோ கோல் என்றால் அம்மா கதிரையை ஜன்னலடியில் போடுவா. போனை அல்மாரித் தட்டில் உயர்த்தி வைப்பா. கழுத்துக்குக் கீழே தெரியாது. நாலு மாதமாக பி. என் தலையுடன்தான் கதைத்துக்கொண்டிருக்கிறார்.

பயணத்தைப் பற்றிப் பின்னேரம் அம்மாவிடம் சொன்னேன்.

"என்ன ஜம்பிங்?"

"பஞ்சி."

"பஞ்சியெண்டால் சோம்பலிலை வீட்டிலை படுத்துக் கிடக்கிறதெல்லோ. பஞ்சிப்பட அங்கையோ போகவேணும்?"

சிரித்தேன். விளங்கப்படுத்தினேன். அம்மாவின் முகம் மாறியது. விழுந்துவிடுவேன் என்ற பயமாக்கும் என்று நினைத்தேன்.

"அங்கை நிறுப்பினமோ?" என்று கேட்டா.


யூலை 9, புதன்

காற்றோடு புழுதி. கண் எரிவு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் இருந்து பஞ்சி பற்றி வாசித்தேன். எனக்காக:

– கயிறு ஆளின் நிறைக்குத்தான். பாரமான ஆளுக்கு மெல்லிய கயிறு கட்டினால் அளவுக்கு மிஞ்சி இழுபடும். கீழே விட்ட இடம் போதாமல் போகும்.
– பாரம் குறைந்த ஆளுக்குத் தடித்த கயிறும் கூடாது. வெட்டி இழுக்கும். கழுத்து, முதுகு.
– தலைகீழாகத் தொங்கும்போது இரத்தம் கண்ணுக்குப் பாயும். பிரஷர், இதயம், கண் ஒப்பரேஷன், வலிப்பு, முதுகு நோ, கர்ப்பிணி: குதிக்கக் கூடாது.
– ரப்பர் வெயிலில் பழுதாகும். ஒவ்வொரு கயிற்றிலும் எத்தனை தரம் குதித்தது என்று கொப்பியில் எழுத வேண்டும்.
– காலில் மட்டும் கட்டினால் போதாது. இடுப்பிலும் பட்டி.
– ஒருவர் கட்ட, இன்னொருவர் சோதிக்க வேண்டும்.

எனக்குப் பிரஷர் இல்லை. கண் சரி. முதுகும் சரி. எனக்குள்ள ஒரே வருத்தம் பயோடேட்டா.

பி. இரண்டு இடத்தின் நம்பர் அனுப்பி, "நீரே தெரிவு செய்யும்" என்றிருந்தார். ஒன்று ஆற்றுக்கு மேலே பழைய பாலம். மற்றது கைவிட்ட கல்லுடைக்கும் குழிக்கு மேலே கிரேன். இங்கே பாலம், கிரேன் என்றே எழுதுகிறேன்.

பாலத்துக்குப் போன் எடுத்தேன். மலையகத் தமிழ், நல்ல மரியாதையான குரல்.

"நிறுக்காம யாரையும் ஏத்த மாட்டோம் மிஸ். ரெண்டு தடவ நிறுப்போம். கையில மார்க்கரால எழுதுவோம். மேல நிக்கிறவரு அத சத்தமா வாசிப்பாரு."

"சத்தமாயோ?"

"ஆமா மிஸ். அவரு வாசிக்கிறதும் கொப்பியில உள்ளதும் ஒண்ணா இருக்கணும்ல."

"ஆக்கள் பொய் சொல்லுறவையோ?"

"ஐயோ, கேக்காதீங்க. பொம்பளைங்க கொறச்சுச் சொல்வாங்க, பையங்க கூட்டிச் சொல்வாங்க. அதுக்குத்தானே தராசு."

தராசை எப்போது சோதித்தது என்று கேட்டேன். சிரித்தார். இதை ஒருவரும் கேட்டதில்லையாம். ஆனால் உடனே திகதி சொன்னார். கொப்பியைப் பிரிக்கிற சத்தமும் கேட்டது.

அருமையான இடம். குறை ஒன்றும் சொல்ல முடியாது. அதுதான் பிரச்சினை. பாலத்தின் நடுவில் ஒருவன் "எழுபத்திநாலு!" என்று கூப்பிட, தங்கைகள் இருவரும் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, மாமி, பி.யின் தாய், கீழேயிருந்து அண்ணாந்து பார்க்க. குதிக்காமலே செத்துவிடலாம்.


யூலை 11, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. அலுவலகத்தில் கோப்பு வேலை, தும்மல்.

வீட்டுக்கு வந்து கிரேன்காரருக்குப் போன் எடுத்தேன்.

நிறுப்பீர்களா? "ஃபோர்ம்ல உள்ளதப் போட்டுக்குவோம் மிஸ். நின்னு நின்னு லேட்டாகாது."

கயிறு எத்தனை தரம் பாவித்தது? "புதுசு மாதிரித்தான்."

கொப்பி? "ஓனர்கிட்ட இருக்கும்."

இடுப்புப் பட்டி? "கேட்டா போட்டு விடுவோம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அண்ணை வாசலில். தேத்தண்ணிக் கோப்பையோடு. முகம் முழுக்க வெளிச்சம்.

"அங்கை நிறுக்கிறேல்லையாமோ?"

"ஓம்."

"அப்ப அதுதான்! உதைவிட என்ன வேணும்?"

"அண்ணை, அவங்கள் ஐம்பத்தெட்டுக் கிலோவுக்குக் கயிறு கட்டுவாங்கள்."

"கட்டட்டுமே."

"நான் ஐம்பத்தெட்டில்லை."

"எடி, யானையையே கட்டி இழுக்கிறாங்கள். உனக்கென்ன, ஒரு பாய்ச்சல்தானே."

அம்மா குசினியிலிருந்து, "நல்லதாப் போச்சு. பிள்ளையார் காப்பாத்திப்போட்டார்" என்றா.

இதே அண்ணைதான் நான் ஸ்கூட்டியை எடுத்தால் படலையில் நின்று ஹெல்மெட் பட்டி பூட்டினேனா என்று பார்ப்பவர். இதே அம்மாதான் கிணற்றுக்கட்டில் பாசி பிடித்தால் என்னைத் தண்ணீர் அள்ள விடமாட்டா. இவர்கள் என்னில் அன்பில்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல முடிந்தால் எவ்வளவோ சுகம். ஒரு இலக்கம் வெளியே வரக்கூடாது என்பதற்காகக் கல்லுக்குழிக்குள் என்னை இறக்கச் சம்மதம், அவ்வளவுதான்.

ராச்சாப்பாடு அரைக் கோப்பை. பசியில் வயிறு இரைந்தது. எரிச்சல்.


யூலை 14, திங்கள்

பருத்தித்துறை. மீன் சந்தைத் தராசுகள். செதிலும் உப்பும் பிடித்து ஒன்றின் முள் அசையவே இல்லை. மீன்காரர் ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னது: "குறைச்சுக் காட்டினால் கள்ளன் எண்டுறாங்கள். கூட்டிக் காட்டினால் விசரன் எண்டுறாங்கள். சரியாக் காட்டினால் ஒருத்தனும் வாங்குறானில்லை." எழுதிவைத்தேன்.

சேலையில் மீன் மணம். பஸ்ஸில் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை, வசதி.

பி.யின் கோல். பாலம்தான் நல்லது என்றேன். காரணம் எல்லாம் சொன்னேன், நிறுக்கிறதை மட்டும் சொல்லவில்லை. "ஓம், உமக்குப் பிடிச்சது எதுவோ அது" என்றார்.

ஒரு மணித்தியாலத்தில் திரும்ப எடுத்தார். "அண்ணை கதைச்சவர். கிரேன்தான் உமக்கு விருப்பமாம், வெக்கத்திலை சொல்லேல்லையாம். புக் பண்ணிட்டன்."

அண்ணையின் அறை பூட்டியிருந்தது. உள்ளே கிரிக்கெட் சத்தம். தட்டினேன். "பிறகு கதைப்பம்" என்றார். பிறகு கதைக்கவில்லை.


யூலை 17, வியாழன்

ஆடிப்பிறப்பு. ஊரெல்லாம் பனங்கட்டி மணம்.

காலையில் தராசு: 73.8. பத்து நாள் அரைப்பட்டினி கிடந்து நானூறு கிராம். இதே வேகத்தில் போனால் 58 வர ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்கும். கயிறு அதுவரை காத்திருக்காது.

பின்னேரம் அம்மா கூழ் காய்ச்சினா. பயறு, தேங்காய்ச்சொட்டு, மாவுருண்டை எல்லாம் போட்டு. பலாவிலையை மடித்து, ஈர்க்குக் குத்தி, மூன்று இலை நிறைய வார்த்துக் குடித்தேன். கொழுக்கட்டை ஐந்து.

"காணும் பிள்ளை, காணும்" என்று அம்மா சட்டியை மூடினா.

"பதினாறு கிலோவை மூண்டு கிழமையிலை எங்கை கொண்டுபோய் வைக்கிறது அம்மா? நீங்கள் சொல்லுங்கோ, அங்கை கொண்டுபோய் வைக்கிறன்."

அம்மா அழுதா. நானும் அழுதேன். அழுதுகொண்டே ஆறாவது கொழுக்கட்டை.

ரஞ்சி அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவ கனநேரம் யோசிக்கவில்லை. "நீயே அவரிட்டைச் சொல்லிப்போடு. படிச்ச பெடியன். கயிறெண்டால் அவருக்கு விளங்கும்."


யூலை 19, சனி

சொன்னேன்.

காலை ஏழு மணி, அங்கே வெள்ளி இரவு. கிணற்றடிக்குப் போய் நின்று, வீடியோவில்லாமல். முதல் ஐந்து நிமிடம் காலநிலை கதைத்தோம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு,

"நான் ஐம்பத்தெட்டில்லை. எழுபத்திநாலு. பயோடேட்டா பிழை. பிழையில்லை, பொய்."

அந்தப் பக்கத்தில் யாரோ ரீவியைக் குறைத்தார்கள்.

"பதினாறோ?"

"ஓம். கயிறு நிறைக்குத்தான் கட்டுறது. அதுதான் சொல்லுறன். நீங்கள் என்ன நினைச்சாலும் பரவாயில்லை, படிவத்தை மாத்துங்கோ."

கொஞ்சமாகச் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. "எனக்குப் பிரச்சினையில்லை மேகலா. சத்தியமா. நீர் இதுக்கோ இவ்வளவு நாளும் பயந்தனீர்? நான் பாக்கிறன்."

நல்ல மனிசன். பிறகு மறந்துபோகாமல் இருக்க இதையும் எழுதுகிறேன்.

மார்பில் இருந்த கல்லு இறங்கினமாதிரி. ரொட்டி மூன்று, கட்டச்சம்பலோடு. அம்மாவுக்கும் அண்ணைக்கும் சொல்லவில்லை. மானிப்பாய்க்குப் போய்ச் சப்பாத்து வாங்கினேன், நீலம், இறுக்கிக் கட்டுகிற நாடா. குதிக்கும்போது கழன்று விழக்கூடாதாம். கடைப்பையன் "ஓடப் போறியளோ மிஸ்?" என்று கேட்டான். "இல்லை, விழப் போறன்" என்றேன். அவன் முழித்தான். வீடு வரும்வரை எனக்குச் சிரிப்பு.


யூலை 22, செவ்வாய்

வெயில். மின்வெட்டு இரண்டு தரம்.

மத்தியானம் கிரேன்காரரிடமிருந்து வாட்ஸ்அப். முடிவான பட்டியல், "செக் பண்ணிக்குங்க மிஸ்" என்று. குதிப்பவர்கள் இருவர்.

பிரதீபன்: 81.5 கிலோ.
மேகலா: 58 கிலோ.

பழைய பட்டியலை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். போன் எடுத்தேன்.

"புதுசுதான் மிஸ். சேர் ஞாயித்துக்கெழம கோல் எடுத்தாரு. அவரு வெயிட்ட மாத்தினாரு, மொதல்ல 80ன்னு போட்டிருந்தாரு. ஒங்களோடது அப்பிடியே இருக்கட்டும்னு கொன்ஃபேர்ம் பண்ணினாரு."

"அப்பிடியே எண்டவரோ?"

"ஆமா மிஸ். ரெண்டு தடவ கேட்டுக்கிட்டேன்."

ஞாயிறு. நான் சொல்லி அடுத்த நாள்.

தன் நிறையை நிறுத்துப் பார்த்து, எண்பதை எண்பத்தொன்றரை ஆக்கியிருக்கிறார். அந்த அரைக் கிலோவைக்கூட விடவில்லை.

பின்னேரம்வரை ஒன்றும் செய்யவில்லை. ரஞ்சி அக்கா இரண்டு தரம் கூப்பிட்டாவாம், எனக்குக் கேட்கவில்லை.


யூலை 23, புதன்

காலை ஏழு. திரும்பவும் கிணற்றடி. வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறேன், பிறகு நானே அவருக்கு வக்காலத்து வாங்கக்கூடாது.

"ஏன் மாத்தேல்லை?"

"மேகலா, அந்த லிஸ்ட் தங்கச்சியின்ரை போனுக்கும் வரும். அவள் அம்மாவுக்குக் காட்டுவள். அம்மா பயோடேட்டாவை மனப்பாடமா வச்சிருக்கிறா. எழுத்து முடியட்டும். பிறகு ஆறுதலாச் சொல்லுவம்."

"அது கயிறு."

"அவங்கள் எப்பவும் கொஞ்சம் கூட வச்சுத்தான் கட்டுவாங்கள்."

"எவ்வளவு கூட?"

"...தெரியேல்லை. கொஞ்சம்."

"நீங்கள் மூண்டு தரம் குதிச்சனீங்கள். பதினாறு கிலோ பொய் சொல்லிக் குதிப்பீங்களோ?"

"நீர் ஏன் பெரிசாக்கிறீர்? நான் உம்மை விரும்பாட்டி இவ்வளவும் செய்வனோ?"

"உங்கடை நிறையை ஏன் அரையோடை எழுதினனீங்கள்?"

"அது... சரியாப் போடவேணுமெல்லோ."

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டிருக்க வேண்டும். "மேகலா, அப்பிடியில்லை" என்றார். "மேகலா, கேளும்" என்றார். நான் கட் பண்ணிவிட்டேன்.

கெட்டவன் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். கெட்டவன் இல்லை. பாலத்திலிருந்தும் கிரேனிலிருந்தும் குதிக்கிற துணிவு இருக்கிறது. தாயிடம் ஒரு இலக்கம் சொல்லத் துணிவில்லை. முப்பத்தாறு வயது. அந்தப் பயத்துக்கு என்னைக் கட்டித் தொங்கவிடப் பார்த்தார். எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அவரில் பாதி, என்னில் பாதி. அந்த 58ஐ டைப் அடித்தபோது நான் பக்கத்தில்தானே நின்றேன்.

அம்மாவுக்கும் அண்ணைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். குதிக்கமாட்டேன், இந்தக் கலியாணமும் வேண்டாம் என்றேன்.

அண்ணை: "உதுக்குப் போயோ? ஊர் சிரிக்கும்."

அம்மா: "குதிக்க வேண்டாம் பிள்ளை. அதை நான் வெட்டிவிடுறன். கலியாணத்தைக் குழப்பாதை, அதை ஆறுதலாப் பாப்பம்."

"அவர் தெரிஞ்சுகொண்டு செய்தவர் அம்மா."

"ஆம்பிளையள் யோசிக்கிறேல்லை. எல்லாத்தையும் பிடிச்சுக்கொண்டு நிண்டால் குடும்பம் நடத்தேலாது."


யூலை 24, வியாழன்

காற்று நின்றுவிட்டது. இலை அசையவில்லை. வியர்வை.

எழும்பி வர, அம்மா ஏற்கனவே ரொறன்ரோவுக்குப் போன் எடுத்துவிட்டா. ஸ்பீக்கரில். மாமியோடு. அண்ணை பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு.

"பிள்ளைக்குச் சின்னனிலையிருந்து உயரமெண்டால் தலைச்சுத்து அக்கா. மதிலிலை கூட ஏறமாட்டாள். அதுதான் உந்தப் பாய்ச்சல் வேண்டாமெண்டு... தம்பியோடையும் சின்னக் கோபம்."

மாமி நல்லாகச் சிரித்தா. "அதுக்கென்ன, பொம்பிளைப்பிள்ளையெண்டால் பயம் இருக்கத்தானே வேணும். அவன் குதிக்கட்டும், பிள்ளை என்னோடை கீழை இருக்கட்டும்."

அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினா. எல்லாம் சரி என்கிற மாதிரி. அண்ணை பெருமூச்சு விட்டார். இரண்டு நிமிடத்தில் கலியாணம் திரும்பவும் எழும்பி நின்றது, புதுப் பொய் ஒன்றின் மேல்.

போனை அம்மாவின் கையிலிருந்து எடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தா. நகம் பட்டது.

"மாமி, மேகலா கதைக்கிறன். எனக்கு உயரம் பயமில்லை. நான் எழுபத்திநாலு கிலோ. அது உங்கடை மகனுக்குச் சனிக்கிழமையே தெரியும். தெரிஞ்சுகொண்டு எனக்கு ஐம்பத்தெட்டுக்குக் கயிறு கட்டச் சொன்னவர். தன்ரை நிறையை அரைக் கிலோ பிசகாமல் எழுதினவர். கீழை கல்லுக்குழி மாமி. நான் குதிச்சிருந்தால் செத்திருப்பன்."

அண்ணை சுவரைப் பார்த்தார். நான் காத்துக்கொண்டு நின்றேன். மகனைக் கூப்பிடுவா, ஏசுவா, என்னை ஏசுவா, ஏதாவது.

"எழுபத்திநாலோ?" என்று கேட்டா மாமி. "செருப்போடையோ, செருப்பில்லாமலோ?"